மெர்லின் செயலியும் மலைப்புதர் மஞ்சள் குருவியும்: எதுவரை நம்பலாம்?

மைனா, காகம், செம்மீசைச் சின்னான் போன்ற பறவைகளைக் காட்டி மெர்லின் பேர்ட் ஐடி செயலியைச் சோதித்தால் அது அநேகமாகத் தவறவே தவறாது. அந்தச் சோதனையால் பெரிய பயனும் இல்லை. அவற்றின் பெயரைச் சொல்லச் செயலி தேவையில்லை. அதன் தரம் தெரிய வேண்டுமானால் இலைக்கதிர்க்குருவிகளிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் பத்து, பதினொரு சென்டிமீட்டர் நீளம், பத்து கிராமுக்கும் குறைந்த எடை, எல்லாவற்றுக்கும் பச்சையோ பழுப்போ கலந்த முதுகு, எல்லாவற்றுக்கும் கண்ணுக்கு மேலே வெளிர் புருவக்கோடு, ஓரிடத்தில் நிற்காத சுபாவம். பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் அடுத்த கிளைக்குப் போயிருக்கும்.

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது டிக்கெல் இலைக்கதிர்க்குருவி. இமயமலையில், பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேல், மரங்கள் குட்டையாகிப் புதர்களாக மாறும் உயரத்தில் கூடு கட்டும் பறவை இது. குளிர்காலத்தில் தெற்கே வந்து நீலகிரி, பழனி, ஆனைமலை போன்ற மலைகளில் தங்கும். ஏறக்குறைய அக்டோபர் முதல் ஏப்ரல் வரை குறிஞ்சிப் புதர்கள், ஊசிக்களா, தவிட்டுப்பழச் செடிகள், புல்வெளியை ஒட்டிய புதர்கள், தேயிலைத் தோட்ட ஓரங்கள் என்று 1,000 மீட்டருக்கு மேலுள்ள பல இடங்களில் பார்க்கலாம். அபூர்வமான பறவை இல்லை. ஆனாலும் பறவை பார்ப்பவர்களின் குறிப்பேட்டில் ‘ஏதோ ஒரு இலைக்கதிர்க்குருவி’ என்ற அளவிலேயே நின்றுபோவது வழக்கம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சாத்தியமுள்ள பறவைகளைச் சுருக்கி ஒரு சின்னப் பட்டியலாகக் கொடுப்பதில் மெர்லின் மிக நல்ல கருவி. அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அதனிடம் விடக் கூடாது. புதரில் இருக்கும் இலைக்கதிர்க்குருவியைப் பிரித்துச் சொல்ல எது அவசியமோ அதைச் செயலி கேட்பதே இல்லை.

போகும் முன் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-ல் மெர்லினை வெளியிட்டது. கட்டணமும் விளம்பரமும் கிடையாது. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதி 2021-ல் சேர்ந்தது. இதற்குப் பின்னால் இருப்பது உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் இபேர்ட் தளத்தில் பதிந்துவரும் பட்டியல்கள். ‘இந்த இடத்தில், இந்த வாரத்தில் இந்தப் பறவை இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்ற கணக்கு அந்தப் பட்டியல்களிலிருந்தே வருகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் செயலியின் பலம், பலவீனம் இரண்டுமே பெருமளவு புரிந்துவிடும்.

மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் ஏராளம். எனவே நீங்கள் போகும் பகுதிக்கான பறவைத் தொகுப்பை அடிவாரத்திலேயே, முடிந்தால் வைஃபையில், இறக்கிக்கொள்ளுங்கள். குரல் அறியும் வசதிக்கான கோப்பு தனியாக இறங்கும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் போனில் இருந்தால் டவர் இல்லாமலே ஐந்து கேள்வி, குரல், படம் என்ற மூன்று வழிகளும் வேலை செய்யும். தொகுப்பில் படங்களும் குரல்களும் இருப்பதால் இடம் கணிசமாகப் பிடிக்கும். போன் நிரம்பி வழிந்தால் பாதியில் நின்றுபோகும். ‘இறங்கிவிட்டது’ என்று காட்டினாலும் ஏரோபிளேன் மோடைப் போட்டு, நாலைந்து பறவைகளின் பக்கங்களைத் திறந்து, குரல்களை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

இருப்பிட அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். ஜி.பி.எஸ்.ஸுக்கு இணையம் தேவையில்லை. பெரும்பாலான போன்களில் ஏரோபிளேன் மோடிலும் அது இயங்கும். அனுமதி இல்லையென்றால் அந்த ஊரிலோ அந்தப் பருவத்திலோ இருக்க வழியே இல்லாத பறவைகளும் பட்டியலுக்குள் வந்துவிடும். இலைக்கதிர்க்குருவி மாதிரி ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் கூட்டத்தில் அது பெரிய குழப்பம்.

ஐந்து கேள்வி வழி: இதில்தான் ஓட்டை

எங்கே, எப்போது, எவ்வளவு பெரியது, என்னென்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது. மெர்லினின் பழைய வழி இந்த ஐந்து கேள்விகள்தான். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு இதைவிட எளிய நுழைவாயில் இல்லை. இலைக்கதிர்க்குருவிக்கு மட்டும் கடைசி மூன்று கேள்விகளும் கைகொடுப்பதில்லை.

அளவில் மிகக் கீழே உள்ள தேர்வே ‘சிட்டுக்குருவி அளவு அல்லது அதைவிடச் சிறியது’. வெள்ளைக்கண்ணி, தையல்சிட்டு, பட்டாணிக்குருவி, தேன்சிட்டு, அத்தனை இலைக்கதிர்க்குருவிகளும் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். நிறத்தில் ஒன்று முதல் மூன்று வரை தேர்ந்தெடுக்கலாம். இங்கே மஞ்சள், பச்சை என்ற இரண்டை மட்டும் தொடுங்கள். பழுப்பையும் சேர்த்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவி போன்றவை முன்னால் வந்து நிற்கும். கண்ணின் ஊடாக ஓடும் கருமையான கண்கோட்டை நினைத்துக் கறுப்பைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். கேட்கப்படுவது உடலின் முதன்மையான நிறம். முகத்திலுள்ள கோடுகள் கணக்கில் வராது.

ஐந்தாவது கேள்வியில்தான் உண்மையான சிக்கல். ‘மரத்திலோ புதரிலோ’ என்று இரண்டையும் ஒரே தேர்வாக வைத்திருக்கிறார்கள். இலைக்கதிர்க்குருவிகளைப் பிரிப்பதில் முதல் கேள்வியே ‘மரமா, புதரா’ என்பதுதான். பெரிய அலகு இலைக்கதிர்க்குருவி சோலைக்காட்டு நிழலில் மரத்தின் மேல், நடு அடுக்குகளில் இருக்கும். மேற்கத்திய உச்சிக்கோட்டுக் கதிர்க்குருவி மர உச்சிகளில், பல நேரம் மற்றப் பறவைகளோடு கலந்து இரை தேடும். வெளிர்பச்சைக் கதிர்க்குருவியும் பச்சைக் கதிர்க்குருவியும் மரங்களையே விரும்பும். டிக்கெல் மட்டும் முழங்காலிலிருந்து தலை உயரத்துக்குள், வெயில் படும் திறந்த புதரில், சில சமயம் தரையிலும் இறங்கிப் பூச்சி பொறுக்கும். இத்தனை பெரிய வேறுபாட்டை ஒரே தேர்வுக்குள் போட்டு மூடிவிட்டால் பட்டியல் எப்படிச் சுருங்கும்?

உயரத்தையும் செயலி கேட்பதில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டர்கூட இல்லை. உயரத்திலோ ஏறக்குறைய 1,500 மீட்டர் வித்தியாசம். அடிவாரப் பறவையும் மேல்மலைப் பறவையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். எந்த உயரத்தில் நிற்கிறோம் என்பதை வைத்துத் தள்ள வேண்டியவற்றைத் தள்ளுவது நம் வேலை.

வரும் பட்டியல் பெரும்பாலும் வாய்ப்பு அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததை நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். முதலில் நிற்கும் பெயரே சரியான விடை என்று எடுத்துக்கொள்வதுதான் பரவலான தவறு. முதலிடம் என்றால், நீங்கள் கொடுத்த விடைகளையும் அந்தப் பருவத்தில் அந்தப் பகுதியில் மற்றவர்கள் பதிந்தவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் அதற்கு வாய்ப்பு அதிகம் என்பதே பொருள். நீங்கள் பார்த்த பறவை அதுதான் என்பதற்கு அந்த வரிசை உறுதி ஆகாது. குறைந்தது பத்துப் பெயர்கள் வரையாவது தள்ளிப் பாருங்கள்.

குரல் வழி: பலமும் பொறியும்

மெர்லினின் மிகச் சிறந்த பகுதி இதுதான். மைக்கில் விழும் ஒலியை, நேரமும் சுருதியும் கொண்ட ஒரு படமாக மாற்றி, அந்தப் படத்தில் உள்ள வடிவங்களை ஏற்கெனவே கற்ற வடிவங்களோடு ஒப்பிடுகிறது. கணக்கு முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது. நீளமான, வளைவு நெளிவுள்ள பாட்டு என்றால் அதற்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. சிக்கல் ஒற்றை அழைப்புகளில் வருகிறது. டிக்கெல் குளிர்காலத்தில் பெரும்பாலும் எழுப்புவது ‘ட்சிப்’ என்ற, ஒரு நொடியில் சிறு பகுதிகூட நீடிக்காத, சற்றே கடினமான ஒற்றை ஒலி. ஒலிப்படத்தில் அது ஒரு சிறு கீற்று. அதில் ஒப்பிட்டுப் பார்க்க அதிக விவரம் இல்லை; காற்றும் தூரமும் சேர்ந்தால் இருக்கும் விவரமும் கரைந்துவிடும்.

ஆகவே பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். போன் கவர் மைக் துளையை மூடியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான போன்களில் முதன்மை மைக் கீழ் விளிம்பில் இருக்கிறது. அந்த விளிம்பைப் பறவையை நோக்கித் திருப்புங்கள். ப்ளூடூத் இயர்போன் இணைந்திருந்தால் சில போன்கள் அதன் மைக்கைப் பிடித்துக்கொள்ளும், துண்டித்துவிடுங்கள். போனைப் பிடித்திருக்கும் விரல்கள் நகரக் கூடாது, நைலான் ஜாக்கெட் உரசக் கூடாது. இந்த உரசல் சத்தம் உயர் சுருதியிலும் பரவும். மெல்லிய அழைப்புகளை அது விழுங்கிவிடும். மலைக்காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதி என்பதால் அது ஓரளவு பரவாயில்லை. ஓடைச் சத்தம் அப்படியல்ல. தாழ்விலிருந்து உயர்வு வரை எல்லாச் சுருதியையும் நிரப்பிவிடும். ஓடைக்கு முதுகைக் காட்டி, உடம்பாலேயே சத்தத்தை மறைத்து நின்று பதிவு செய்தால் வித்தியாசம் தெரியும்.

ஐந்தாறு நொடியில் நிறுத்திவிட வேண்டாம். பத்து மீட்டருக்குள் நின்று ஒரு நிமிடமாவது விடாமல் பதியுங்கள். பெயர் ஒன்று திரையில் தோன்றியதும் துள்ளிக் குதிக்கத் தேவையில்லை. அது எத்தனை முறை ஒளிர்கிறது என்று கவனியுங்கள். பறவை மறுபடி குரல் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் மீண்டும் ஒளிர வேண்டும். உங்கள் காதில் ‘ட்சிப்’ விழும் அதே கணத்தில், ஒரே நிமிடத்துக்குள் மூன்று முறையாவது ஒளிர்ந்தால் அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு முறை தோன்றி, பிறகு அதே குரல் பலமுறை கேட்டும் ஒளிராத பெயரைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.

பதிவை நிறுத்திய பிறகு பெயரைத் தொட்டால், பதிவின் எந்த இடத்தில் அந்தக் குரல் வந்ததோ அங்கே கொண்டுபோகும். செயலியில் உள்ள மாதிரி ஒலிகளைக் கேட்டு ஒப்பிடலாம். மாதிரிகளில் பாட்டு, அழைப்பு இரண்டும் இருந்தால் அழைப்பைத் தேடிக் கேளுங்கள். குளிர்காலப் பறவையைப் பாட்டோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றாகவே தோன்றாது. இந்த ஒப்பீட்டைக் காதில் வயர் மாட்டி, மெதுவாகச் செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் புதரை நோக்கி ஓடவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது அதன் இரை தேடும் நேரத்தைத் திருடுவது. செயலி கையில் இருப்பதாலேயே இந்தப் பழக்கம் பெருகிவருகிறது என்பது கவலைக்குரியது.

மேல்மலைப் புதரில் குரலை நம்பி ஏமாற இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, பிளைத் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலத்தில் மலைப்புதர்களுக்கும் வரும் இது ‘சக்’, ‘செக்’ என்று சற்றுத் தடித்த ஒற்றைக் குரலை இடைவெளி விட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து கேட்டால் டிக்கெலின் குரலோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. இரண்டாவது, நீள்வால் கீச்சான். புதர் உச்சியில் அமரும் இது மற்றப் பறவைகளின் குரலைத் தாழ்ந்த குரலில் அடுக்கடுக்காகப் பாடிக்காட்டும். அடிவாரப் பக்கமாக இறங்கினால் துடுப்புவால் கரிச்சானும் இதே வேலையைச் செய்யும். ஒரே நிமிடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறேழு பெயர்கள் சரசரவென்று வந்து விழுந்தால், அங்கே ஆறேழு பறவைகளைத் தேடுவதற்கு முன் ஒரு கீச்சானைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கற்றுக்கொடுக்கப்படாத பறவையின் பெயரைச் செயலியால் சொல்ல முடியாது. அதன் குரல் கேட்டால் சும்மா இருக்கும், அல்லது கற்ற ஒன்றின் பெயரைச் சொல்லும். மெர்லின் எதையும் சொல்லவில்லை என்பதை வைத்து அந்தப் பறவை அங்கே இல்லை என்று முடிவு செய்வது தவறு.

படம் வழி: வெளிச்சம்தான் வில்லன்

படத்தை ஏற்றி, சதுரப் பெட்டியைப் பறவை நிரப்பும்வரை பெரிதாக்கி, இடமும் தேதியும் கொடுத்தால் பெயர் வரும். போன் கேமராவின் டிஜிட்டல் ஜூமில் எடுத்த பத்து சென்டிமீட்டர் குருவி, பெரிதாக்கியதும் பச்சைக் கறையாகிவிடும். அதற்கும் செயலி ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு மதிப்பில்லை. நீள லென்ஸ் உள்ள கேமரா இருந்தால் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில், தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். கேமராவின் பின்திரையில் பறவையைப் பெரிதாக்கி, அந்தத் திரையைப் போனில் படமெடுத்து ஏற்றுவது பலர் செய்வதுதான், போதுமான அளவு வேலையும் செய்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, நிழலில் நின்று, போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால் அலையலையான கோடுகள் குறையும்.

மூன்று இடங்கள் தெளிவாக இருக்கும் படமே பயன்படும்: மடித்த சிறகின் பக்கவாட்டு, அலகின் பக்கவாட்டு, கண்ணைச் சுற்றிய பகுதி. வயிறு மட்டும் தெரிய அண்ணாந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

மஞ்சள் நிறத்தை அப்படியே நம்பக் கூடாது. காலை இளவெயிலில் வெண்மையான வயிறுகூட மஞ்சளாகத் தெரியும். அடர்ந்த இலைகளுக்குள் இருக்கும் பறவையின் அடிப்பகுதியில் இலையின் பச்சை பிரதிபலிக்கும். கேமராவின் தானியங்கி நிறச் சமன்பாடு மூடுபனியின் நீலத்தையும் வெயிலின் மஞ்சளையும் எப்போதும் முழுதாகச் சரிசெய்துவிடாது. இவற்றையெல்லாம் செயலியால் பிரித்தறிய முடியாது. படத்தில் உள்ள மஞ்சளைப் பறவையின் மஞ்சளாகவே எடுத்துக்கொள்ளும். வெளிர்பச்சைக் கதிர்க்குருவி இப்படித்தான் டிக்கெலாக மாறுகிறது. அதே பறவையை நிழலிலும் வெயிலிலுமாக இரண்டு படம் எடுத்து, இரண்டையும் தனித்தனியாக ஏற்றிப் பார்ப்பது எளிய பரிகாரம். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் நம்பிக்கை கூடும்.

நண்பர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தை ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்த வழியாக வரும் சாதாரணப் படத்திலிருந்து இடமும் தேதியும் நீக்கப்பட்டிருக்கும். செயலி கேட்கும்போது, நீங்கள் இப்போது இருக்கும் ஊரையும் இன்றைய தேதியையும் கொடுத்துவிட்டால் பட்டியலே மாறிவிடும். ஜனவரியில் கொடைக்கானலில் எடுத்த படத்தை ஜூன் மாதம் சென்னையிலிருந்து ஏற்றினால் டிக்கெல் கண்ணிலேயே படாமல் போகக்கூடும். படத்தைக் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எடுத்த இடத்தையும் நாளையும் கேட்டு வாங்கிக் கையால் உள்ளிடுங்கள்.

செயலி விட்ட இடத்திலிருந்து

மூன்று வழிகளிலும் போய்வந்த பிறகு பெரும்பாலும் நான்கைந்து பெயர்கள் மிஞ்சும். இனி நம் கண்ணும் காதும்தான்.

முதலில் சிறகைப் பாருங்கள். டிக்கெலுக்குச் சிறகுப்பட்டை கிடையாது. வெளிர்பச்சைக் கதிர்க்குருவி, பச்சைக் கதிர்க்குருவி, பெரிய அலகு இலைக்கதிர்க்குருவி மூன்றுக்கும் மடித்த சிறகில் மெல்லிய வெளிர் கோடு ஒன்றாவது இருக்கும். ஆனால் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இறகு நுனிகள் தேய்ந்து அந்தக் கோடு மங்கிப்போகும், சில பறவைகளில் மறைந்தே போகும். நவம்பரில் ‘பட்டை இல்லை’ என்பது வலுவான ஆதாரம். மார்ச்சில் அது பாதி ஆதாரம். பருவம் முற்ற முற்ற இந்த அடையாளத்தின் மதிப்பு குறைவதைச் செயலியின் குறிப்புகளைப் படித்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

அடுத்தது முகம். டிக்கெலின் புருவக்கோடு நீளமானது, தெளிவானது, மஞ்சளானது. தொண்டையும் மார்பும் அதே மஞ்சள். புருவக்கோட்டுக்குக் கீழே கருமையான கண்கோடு அழுத்தமாக ஓடும். முதுகு பச்சை கலந்த பழுப்பு. பச்சைக் கதிர்க்குருவியின் முதுகில் உள்ள பளிச்சென்ற பசுமை இதில் இருக்காது. பிறகு அலகு: பக்கவாட்டில் நின்றால், கீழலகின் பெரும்பகுதி வெளிர் ஆரஞ்சு கலந்த மஞ்சளாகவும் நுனி கருமையாகவும் தெரியும். ஊசிக்களாக் கிளையின் அடியில் தொங்கி இலையின் பின்புறத்தைத் துழாவும் தருணத்தில், அலகு வெயிலில் திரும்பும்போது இந்த நிறம் பளிச்சென்று வரும். சிறகை ‘விருட், விருட்’ என்று உதறிக்கொண்டே இருப்பதால் மற்ற எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. அலகை மட்டும் குறிவைத்துப் பார்த்தால் கிடைக்கும்.

மூன்றாவது குரலின் அசை. வெளிர்பச்சைக் கதிர்க்குருவியின் அழைப்பு ‘ட்சிஸ்லி’ என்று இரண்டு அசையாக ஒட்டி வரும். பெரிய அலகுப் பறவை ‘டிர்-டீ’ என்று இரண்டாவது அசையில் ஏறும். குளிர்காலத்திலும் அவ்வப்போது படிப்படியாக இறங்கும் விசில் பாட்டைப் பாடும். டிக்கெலுடையது எப்போதும் ஒற்றை அசை. செயலி எந்தப் பெயரைக் காட்டினாலும், காதில் விழுவது இரண்டு அசை என்றால் அது டிக்கெல் அல்ல. புதிதாகக் கற்பவர்கள் முதல் பருவத்தில் இந்த ஒன்று, இரண்டு அசைக் கணக்கை மட்டும் பழகினாலே போதும், பாதிக் குழப்பம் தீரும்.

கவனமாக இருக்க வேண்டிய இன்னும் இரண்டு பறவைகளுக்கும் சிறகுப்பட்டை இல்லை. ஒன்று டைட்லர் இலைக்கதிர்க்குருவி. மேற்கு இமயமலையில் கூடு கட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும் இது எண்ணிக்கையில் குறைவு. அலகு நீளமாக, மெலிதாக, கருமையாக இருக்கும், வால் குட்டை, அடிப்பகுதியில் டிக்கெல் அளவு மஞ்சள் கிடையாது. அதிகம் பதியப்படாத பறவை என்பதால் மெர்லின் இதைப் பட்டியலில் கீழே தள்ளியே வைக்கும். மெல்லிய கரிய அலகைக் கண்டால் பட்டியலின் அடிவரை போய்ப் பாருங்கள்.

மற்றொன்று கந்தக வயிற்றுக் கதிர்க்குருவி. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. பச்சை துளியும் இராது. புருவக்கோட்டில் ஆரஞ்சுச் சாயல் தெரியும். பாறை இடுக்குகளிலும் மரத்தண்டிலும் தாவித் தொற்றி இரை தேடும் பழக்கம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். வறண்ட, பாறை நிறைந்த சரிவில் நின்றால் இதை முதலில் நினையுங்கள். ஈரமான மேல்மலைப் புதரில் டிக்கெலை.

வெள்ளைக்கண்ணியைப் பற்றி ஒரு வரி போதும்: கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கூட்டமாகத் திரியும், புருவக்கோடு கிடையாது.

மற்றச் செயலிகள், பேட்டரி, பதிவு

குரலை வைத்துப் பெயர் சொல்லும் இன்னொரு செயலியான பேர்ட்நெட்டும் கார்னெலின் பங்கோடு உருவானதுதான். பதிவு செய்த ஒலியில் நீங்கள் சந்தேகப்படும் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம், விடையின் நம்பகத்தையும் அது தரம் பிரித்துச் சொல்லும். ஒற்றை அசைக் குரலுக்கு இது பெரிய வசதி. மெர்லின் தன் பெயர்களுக்கு இப்படி உறுதித் தரம் எதையும் காட்டாதது குறையே. மெர்லினில் பதிந்து, சந்தேகமான துண்டை வெளியே எடுத்து, சிக்னல் உள்ள இடத்துக்கு வந்த பிறகு பேர்ட்நெட்டில் சரிபார்ப்பது நல்ல முறை. ஆனால் இரண்டும் ஒரே விடையைச் சொன்னால் இரண்டு சாட்சி கிடைத்துவிட்டதாகக் கணக்கு வைக்க வேண்டாம். இரண்டும் பறவைக் குரல் பதிவுகளைக் கொண்டு பயின்றவை. அந்தப் பதிவுகள் ஒரு பறவைக்குக் குறைவாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தடுமாறும்.

குரல் வழியைத் தொடர்ந்து ஓடவிட்டால் சார்ஜ் வேகமாக இறங்கும், மலைக் குளிரில் இன்னும் வேகமாக. காலை முழுவதும் போடாமல், குரல் கேட்கும்போது மட்டும் போடுங்கள். ஒலிப்பதிவுகள் போனிலேயே சேர்ந்துகொண்டு போகும். நடை முடிந்ததும் தேவையில்லாதவற்றை அழித்துவிடுங்கள். வைத்திருக்க வேண்டியவற்றுக்கு இடம், உயரம், புதரின் வகை மூன்றையும் பெயராகவே கொடுத்து வையுங்கள்.

இபேர்டில் பதியும்போது ‘மெர்லின் சொன்னது’ என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. சிறகுப்பட்டை பார்த்தீர்களா, கீழலகு என்ன நிறம், குரல் எத்தனை அசை, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இரை தேடியது என்ற நான்கையும் ஒரு வரியில் எழுதுங்கள். படமோ ஒலியோ இருந்தால் இணையுங்கள். இவற்றில் இரண்டுகூட உறுதியாகத் தெரியவில்லை என்றால் ‘இலைக்கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை’ என்ற தேர்வு இபேர்டிலேயே இருக்கிறது. அதைப் போடுவது கௌரவக் குறைவு இல்லை. நாளை மெர்லின் எதைக் கொண்டு வாய்ப்புக் கணக்குப் போடப்போகிறதோ அந்தத் தரவுக்குள்தான் இந்தப் பதிவும் போய்ச் சேர்கிறது. செயலி காட்டிய முதல் பெயரை அப்படியே பதிந்துவந்தால், அடுத்த ஆண்டு அதே புதர் முன் நிற்பவருக்கும் அதே பெயர்தான் முதலிடத்தில் வரும்.